மெயினை அணைத்த பிறகும் சுற்றிய விசிறி

பீப், பீப். எந்த வீட்டு இன்வர்ட்டர் இப்படிக் கத்தினாலும், இன்றும் என் கால்கள் தாமாகத் தரையை விட்டு எழும்பிக்கொள்கின்றன.

அன்று காலை அணையைத் திறந்துவிட்டார்கள். புனேயில் ஆற்றை ஒட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. கணவர் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்த மூன்றாவது வாரம். வாசல் இடுக்கில் பழைய புடவைகளைத் திணித்தேன். தண்ணீரோ குளியலறைத் துளை வழியாக, வீட்டு ஆள் மாதிரி உள்ளேயிருந்து நடந்து வந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அணைத்துவிட்ட தைரியத்தில் கட்டிலேறி அவர் காலருகே உட்கார்ந்தேன். தரை மறைந்தது.

"அம்மிணி, ஃபேன் சுத்துது பாரு."

நிமிர்ந்தேன். சுற்றியது, ஒன்றுமே நடக்காததுபோல.

படுக்கைப்புண் வராமலிருக்க அவருக்குக் காற்றுமெத்தை. அதன் மோட்டார் நிற்கக் கூடாதென்றுதான் இன்வர்ட்டரே வாங்கினோம். மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டதென்று அது விழித்துக்கொண்டது. ஹாலில், தரையில், அதே தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு பீப், பீப்.

ஜன்னலுக்கு வெளியே, மாடிப்படியில் குனிந்து, மேல்வீட்டு மராத்திக்காரர் கூப்பிட்டார்: "வஹினி, வர் யா." அண்ணி, மேலே வாங்க. மேலே போக ஹாலைக் கடக்க வேண்டும். இருபதடி. இருபதடித் தண்ணீர். அதில் என்ன ஓடுகிறதென்று கண்ணால் பார்க்க முடியுமா? இவரை விட்டுவிட்டுத்தான் போக முடியுமா?

"நீயாவது போயிரு."

"எப்படிங்க, பறந்தா?"

"கல்யாணத்தப்பவே நீ பறக்கற எடையில்ல."

சிரித்தேன். சிரித்தபடியே அழுதேன். தண்ணீர் ஏறிக் கட்டிலின் மரச்சட்டம் நனைந்தது, மெத்தையின் ஓரம் நனைந்தது. அவர் இடுப்புக்கு அடியில் தலையணைகளைச் செருகினேன். செருகச் செருக அவர் முனகினார். வேறு எதைச் செருக? என்னையா?

திடீரென்று விசிறி நின்றது. பீப்பும் நின்றது. இன்வர்ட்டர் செத்துவிட்டதா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? காலைத் தொங்கவிடத் துணிவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் போனதோ.

தீயணைப்புக்காரர்கள் தெருக்கம்பத்தின் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டு ரப்பர் படகோடு வந்தார்கள். அவரைப் பலகையில் கட்டிக் கிடத்தியதும் படகு நிறைந்துவிட்டது. என்னை மேல்வீட்டில் விட்டுப் போவார்களாம். எந்த ஆஸ்பத்திரி என்றேன், அவர்களுக்கே தெரியவில்லை. அவர்கள் இறக்கிவிட்ட மாடிப்படியில் நின்று, படகின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"உடு அம்மிணி. நானெங்க போயிரப்போறேன், நடக்கவா முடியுது?"