துப்புக் கெட்டவள்

என் அண்ணன் யாரையும் கொன்றதில்லை. ஆனால் கொன்றது யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற வேலையைப் பல வருடங்களாக விடாமல் செய்துவந்தான். அண்ணி நூலகத்திலிருந்து துப்பறியும் நாவல் கொண்டுவருவாள். அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அதை எடுப்பான். கடைசிப் பக்கங்களைப் புரட்டுவான். பிறகு முதல் பக்கத்தில், பேனாவால், கொட்டை எழுத்தில் எழுதுவான்: ‘கொன்றது டாக்டர்.’ இன்னொன்றில், ‘கொன்றது பெரிய மருமகள்.’ எழுதிவிட்டுப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வான். இதை விளையாட்டு என்று சொல்கிறவர்கள் என் கண்ணில் பட வேண்டாம்.

நான் அவனுடைய தங்கை. எதிர் வீட்டில்தான் குடியிருக்கிறேன். “நாத்தனார் அண்ணிக்குப் பரிஞ்சு பேசற அதிசயத்தை இந்த வீட்டுலதான் பாக்கணும்” என்று அவன் அடிக்கடி குத்திக்காட்டுவான். பார்த்துக்கொள்ளட்டும். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான், அவன் குணத்தை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் பெட்ஷீட்டுகளைப் பிரிக்க வேண்டும், கறை பட்டதைத் தனியாக ஊறப்போட வேண்டும், மெஷினில் தள்ள வேண்டும், டிரையரில் காயவைக்க வேண்டும், பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று நுனி பிடித்து மடிக்க வேண்டும். டிரையர் சுற்றுகிற நேரம் மட்டும் அவளுடையது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஏப்ரன் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பாள்.

எல்லாம் இங்கிலாந்துக் கதைகள், மொழிபெயர்ப்பு. சின்னக் கிராமம், ஓயாத மழை, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பிணம், அந்த அதிர்ச்சியிலும் டீயை ஆறவிடாத சீமாட்டிகள். சரித்திரக் கதை என்றால் இன்னும் கொண்டாட்டம். குதிரை வண்டி, மூடுபனி, தரையைப் பெருக்குகிற நீளத்துக்குக் கவுன். லண்டன் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை அண்ணி. ஆனால் எந்தச் சந்தில் நுழைந்தால் ஆற்றங்கரை வரும் என்று பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

“பொணம் விழுற கதையில உங்களுக்கு அப்படி என்ன அண்ணி சுகம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொணத்துக்காகவா படிக்கிறேன்? துப்பறியறவரு பங்களாவுக்கு வருவாரு. பிரபுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு நேரா பின்வாசலுக்குப் போவாரு. அங்க துணி துவைக்கிற பொம்பளைகிட்ட, ‘நீங்க என்ன பாத்தீங்க, சொல்லுங்க’ன்னு கேப்பாரு. கேட்டுட்டு, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காம நிப்பாரு. அந்த இடம் வந்தா நான் ரெண்டு தடவை படிப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. சட்டைப் பொத்தான் எங்கே, சாப்பாடு ஆச்சா, அவ்வளவுதான்.

லாண்டரியில் இருப்பவர்கள் செல்லமாக அவளைத் ‘துப்பு அக்கா’ என்பார்கள். அது என் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்கள் எதிரிலேயே ஆரம்பித்துவிடுவான். “துப்புக் கெட்டவளுக்குத் துப்பறியும் கதை ஒரு கேடா?” சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் நான்.

முதல் பக்கத்து எழுத்துக்காக நூலகத்தில் திட்டு வாங்கியதும் அண்ணிதான். “புத்தகத்துல கிறுக்காதீங்கம்மா” என்று நூலகர் சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். புருஷனைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. அவளோ, “யாருன்னு தெரிஞ்சா என்ன இப்ப? எப்படின்னு தெரிய வேணாமா? அதுக்காகப் படிச்சுக்கறேன்” என்றாள். நானும் அதை நம்பினேன்.

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது.

ஒருநாள் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் அம்மா வந்தார். “என்னக்கா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பறீங்க? பேரனைப் பாத்துக்க மகன் வீட்டோட போறீங்களாமே! உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு, இந்த மாசத்தோட நின்னுக்கறீங்கன்னு. வேற ஆளுக்குச் சொல்லிவச்சுட்டேன்.”

தன் வேலை போன செய்தியை அண்ணி இப்படித்தான் தெரிந்துகொண்டாள். எதிரே நின்றவள் பெட்ஷீட்டை இழுக்க, இவள் கையிலிருந்த நுனி நழுவித் தரையில் விழுந்தது.

சாயங்காலம் அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. “இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்” என்று எழுந்தேன்.

“உக்காரு. ஞாயித்துக்கிழமை பையனும் மருமகளும் வராங்க. எல்லாரும் ஹால்ல இருக்கட்டும். நீயும் வா.”

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் டீ கொடுத்தாள். டிவியை அணைத்தாள். அண்ணன் முறைத்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை, மகன் பக்கம் திரும்பினாள்.

“நான் வேலையை விட்டுட்டு உங்ககூட வரேன்னு யாருப்பா சொன்னது?”

“அப்பாதான். நீ பேரனை நெனச்சு ஏங்கிப் போயிருக்கேன்னாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

மகன் டீ கிளாஸைப் பார்த்தான். மருமகள் குறுக்கே வந்தாள். “நாங்க குழந்தைக்கு ஆள் பேசிட்டோம் அத்தை. மாமாதான் வேண்டாம்னாரு. உங்களால வேலை செய்ய முடியல, கால் வலிக்குதுன்னு தினம் அழறீங்கன்னாரு.”

அண்ணி என்னைப் பார்த்தாள். “நான் அழுது நீ பாத்திருக்கியா?”

“ஒருநாளும் இல்ல” என்றேன், நன்றாக அண்ணன் காதில் விழும்படி.

“என்னடி இது? வீடா, போலீஸ் ஸ்டேஷனா?” என்றான் அவன்.

அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கு முன்னாடி அப்பா வேற ஏதாவது கேட்டாரா?”

மகன் நெளிந்தான். “எங்க வீட்டுல தோட்டத்தைப் பாத்த ரூம் தனக்கு வேணும், அங்க வந்து இருந்துக்கறேன்னு கேட்டாரும்மா. நாங்கதான் இடம் பத்தாதுன்னு சொல்லிட்டோம். அடுத்த வாரமே போன் பண்ணி, அம்மாவும் வரா, குழந்தையைப் பாத்துப்பான்னாரு. சரி, அப்படின்னா வாங்கன்னோம்.”

ஒரு ரூமுக்காகக் கட்டின பெண்டாட்டியை வாடகையாகக் கொடுத்திருக்கிறான்! அந்தக் கூடமும், கவிழ்த்துப் போட்ட வாளியும், டிரையர் சுற்றுகிற நேரமும், அவளுக்கென்று இருந்த அத்தனையும் போகட்டும், இவனுக்குத் தோட்டம் தெரிந்தால் போதும். இவனோடு ஒரு வயிற்றில் பிறந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் எழுந்தான். “துப்புக் கெட்ட...” என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தை அதற்குமேல் வரவில்லை.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. “யாருன்னு எனக்கு முதல் பக்கத்துலயே தெரியுங்க. நீங்கதானே அப்படிப் பழக்கி வச்சிருக்கீங்க? எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் எல்லாரையும் உக்கார வச்சேன்.”

சூப்பர்வைசர் நம்பரைப் போட்டு போனை அவன் கையில் கொடுத்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வந்தும்மா, ஏதோ தப்பாச் சொல்லிட்டேன்...” என்று இழுத்தான்.

“தப்பா இல்ல. பொய்யின்னு சொல்லுங்க” என்றாள் அண்ணி.

சொன்னான். மகன், மருமகள், தங்கை எல்லாரும் கேட்கச் சொன்னான். அண்ணிக்கு வேலை மிஞ்சியது. இது போதுமா என்றால், எனக்குப் போதாது.

அடுத்த வாரம் அண்ணி புதுப் புத்தகத்தோடு என் சமையலறைக்கு வந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். சுத்தமாக இருந்தது. பேனா படவில்லை. அடுப்பில் நான் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது, அவள் நின்றபடியே படித்துக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பாதிரியாரா இருக்குமோ? இல்ல, அந்த மெழுகுவத்திக்காரியா? ஐயோ, எனக்குப் பிடிபடவே மாட்டேங்குதே!”

அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. “யாருன்னு தெரிஞ்சா என்ன இப்பன்னு சொன்னீங்களே அண்ணி?” என்றேன்.

“வேற என்ன சொல்லச் சொல்ற?” என்றாள், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. போய் அந்தக் கதவை உடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.