கறுப்புக் கரை போட்ட கடிதம்

என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆன வாரம், எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் அமெரிக்கப் பஞ்சாலை முதலாளியின் கடிதங்கள் கிடந்தன. பழைய கடிதங்களைப் படித்துக் கணினியில் ஏற்றுவது என் பிழைப்பு. இந்த முதலாளி பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர். கையெழுத்தோ கோழி கிளறியது போல. மனைவி இறந்த பிறகு கறுப்புக் கரை போட்ட துக்கத் தாளில்தான் எதையும் எழுதியிருக்கிறார். மகளுக்கும் அதே தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆலைச் சக்கரம் நின்றுவிட்டது என்று பஞ்சு வியாபாரியிடம் புலம்பவும் அதே தாள். எல்லாம் அசல். உரிமையாளர் என்னை நம்பிக் கொடுத்தவை.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். காய்ச்சல் ஏறிவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். தன் மகனுக்காக மதுரையிலிருந்து சீமைக்கு வந்திருந்த மாமியாரிடம், "வந்துடறேன் அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். மற்றவை பெட்டிக்குள் இருந்தன; படித்துக்கொண்டிருந்த கடிதம் மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வீட்டுக்குச் சொல்லலாமென்றால் என் பாழாய்ப்போன போனில் சார்ஜ் இல்லை. சரி, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ரயிலேறினேன்.

கதவைத் திறந்தால் மேஜையில் கடிதத்தைக் காணோம்!

எங்கள் பக்கத்தில் கறுப்புக் கரை போட்ட சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கமாட்டார்கள். படித்தவுடன் கிழித்து எறிந்துவிடுவார்கள். அத்தை இதிலெல்லாம் ரொம்பக் கறார். இங்கிலீஷ் வேறு தெரியாது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். டீத்தூளும் வெங்காயத் தோலும்தான். உரிமையாளருக்கு என்ன பதில் சொல்வேன்? இனி எவன் என்னை நம்பி ஒரு தாளைத் தருவான்?

மாடிப்படியில் அத்தை உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"அந்தப் பேப்பரை என்ன செஞ்சீங்க? கிழிச்சிட்டீங்களா?" கத்தினேன்.

அவர் முந்தானைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு மடிப்புகூடக் கூடுதலாக இல்லை.

"கிழிக்கலம்மா. கிழிச்சா எம்புள்ள போயிட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. நீ வந்து உன் வாயால சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன்."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை போலிருக்கிறது, உதடு வெடித்திருந்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"அத்தை, அவருக்குக் காய்ச்சல் விட்டிருச்சு. இட்லி கேட்டாரு. இது யாரோ அமெரிக்காக்காரர் எழுதினது. அவரு பொண்டாட்டி செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அத்தை என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அடித்த கையாலேயே என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வந்ததும் அதைச் சொல்லாம, பேப்பரையாடி கேட்ட?"