பதினாலாம் பக்கத்தில் கேன்டீன் நேரம்

இன்று ஓசூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில், போன மாதம் நான் டிடிபி செய்து கொடுத்த தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு.

"நல்லா இருக்குதுங்களா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"மெஷின்ல கை மாட்டுனா பதினாலாம் பக்கம் பாருன்னு பொருளடக்கத்துல போட்டிருக்குதுங்க. அங்க போனா கேன்டீன் டைம் இருக்குது."

கடைசி நேரத்தில் முன்னால் இரண்டு கன்னடப் பக்கங்களைச் சேர்த்தேன். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளி வரிசையை ஒரு பகல் முழுக்க நேராக்கினேன். பக்க எண்களைப் புதுப்பிக்க ஒரு கிளிக் போதும். அதை மறந்துவிட்டேன்.

"எங்க லைன்ல எல்லார்துலயும் பேனாவால பதினாறுன்னு திருத்திட்டேன். மத்த லைன்ல எப்படியோ தெரியல."



அந்தக் கையேடு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். புள்ளிகளில் கை வைக்க வேண்டாம், அவை நேராகத்தான் இருக்கின்றன.