மந்திரிக்கு இரண்டாம் நம்பர்

கார்மக் லாவெல் அரசியலுக்கு வந்ததற்குக் காரணம் எம்.பி.யாக இருந்த அவன் அப்பா செத்ததுதான். வேறு தகுதி கிடையாது. கிழவரைப் புதைத்த ஈரம் காயுமுன் கட்சிக்காரர்கள் மகனைப் பிடித்து நிறுத்தினார்கள். அயர்லாந்தின் கில்டாரா ஊரும் பாவப்பட்டு ஓட்டைப் போட்டது. அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன் மலாக்கி டூகன். லாரி ஓட்டுகிறவன், லாவெலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

லாவெல் கற்ற தொழில் ஒன்றுதான்: சாவு வீட்டுக்குப் போவது. யார் செத்தாலும் கறுப்புக் கோட்டோடு வரிசையில் நிற்பான். செத்தவர் பெயரை மலாக்கி காதில் சொல்ல, உறவுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு மாதிரி மனுஷன் இனிமே பொறக்க மாட்டாரு" என்பான். மலாக்கி வராத ஒரு நாள், செத்தது பெண் என்றே தெரியாமல் அதைச் சொல்லிவிட்டு, அங்கே கொடுத்த சாண்ட்விச்சையும் தின்றுவிட்டு வந்தான். இப்படிக் கை குலுக்கிக் குலுக்கியே டப்ளினில் மந்திரியாகிவிட்டான்.

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் நம்ம ஆஸ்பத்திரி அவசரப் பிரிவ எவனும் மூட முடியாது" என்று மேடைக்கு மேடை முழங்கியவன், மந்திரியானதும் அதைத் தானே மூடினான். சிக்கனமாம். அந்தக் குளிர்காலத்தில் மலாக்கியின் மனைவி ப்ரீட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மலாக்கி அவளைக் காரில் போட்டுக்கொண்டு பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். உயிர் தப்பியது, பாதி இதயம் போய்விட்டது. லாவெல் பூங்கொத்தோடு பார்க்க வந்தான், பின்னாலேயே பத்திரிகைக் கேமராவும் வந்தது.

"பதினாறு வயசுப் பொண்ணு மாதிரி இருக்கீங்க, ப்ரீட்."

"படம் எடுத்தாச்சுல்ல. பூவ வச்சிட்டுக் கெளம்பு."

அடுத்த தேர்தல் வந்தது. ஓட்டுச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே விருப்ப வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண் போடவேண்டும். 'ஒன்று' குறைவாக வாங்கியவன் முதலில் வெளியே; அவன் வாங்கிய இரண்டெல்லாம் வீண். அதனால், நிச்சயம் ஜெயிக்கிறவன்கூட வாசலில் நின்று, தோற்கப்போவதாக அழுவது ஊர் வழக்கம். லாவெலுக்கு மட்டும் அது கௌரவக் குறைச்சல்.

"எனக்கென்ன, ஜெயிச்ச மாதிரிதான்" என்றான் வாசலுக்கு வாசல்.

"அப்ப ஒண்ண இந்தத் தடவ புதுசா நிக்கிற பொண்ணுக்குப் போடறோம், ரெண்டு உனக்கு" என்றார்கள் ஊர்க்காரர்கள். அதற்கும் நன்றி சொன்னான்.

மலாக்கி அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "அழுடா. அழாதவனுக்கு இங்க யாரு ஒண்ணு போடுவா?"

"மந்திரி அழுதா அசிங்கமாயிருக்கும்."

"சரி, அழாத."

அதற்குமேல் மலாக்கி வற்புறுத்தவில்லை.

ஓட்டு எண்ணும் நாளில், விளையாட்டு அரங்கின் தடுப்புக் கம்பியில் சாய்ந்து, பிரித்து வைக்கும் சீட்டுகளைப் பார்த்து, யாருக்கு எத்தனை என்று மலாக்கி ஒரு தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். கில்டாரா பெட்டி திறந்தது.

"நம்ம ஊர்ல நல்லா விழுந்திருக்கா?" என்றான் லாவெல்.

"விழுந்திருக்கு. எல்லாம் ரெண்டு."

மத்தியானத்துக்குள் லாவெல் வெளியே. முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது.

"நீயாவது ஒண்ணு போட்டியா?"

"ரெண்டுதான். ஜெயிச்ச மாதிரின்னு நீதானே சொன்ன."

"ப்ரீட்?"

"அவ உனக்கு நம்பரே போடல."

கட்சிக்காரர்கள் வரிசையாக வந்து, லாவெலின் கையைப் பிடித்து, குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். மலாக்கி வெளியே போய் ஒரு சாண்ட்விச் வாங்கி வந்து, தின்றுகொண்டே அந்த வரிசையில் கடைசி ஆளாக நின்றான்.