கணினியில் ஏறிய ழகரம்

போர்க்காலத்தில், கொழும்பில் நான் படித்த வளாகத்து நூலகத்துக்குக் கணினிப் பட்டியல் வந்தது. தமிழ் நூல்களின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருந்தார்கள். என் ஆய்வுக்காக ‘வளி’யைத் தேடினால் வழிபாட்டு நூல்களும் வலி நிவாரண நூல்களும் வந்து நின்றன. மூன்றையும் ‘vali’ என்றே ஏற்றியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கிருந்த பெண் உதவியாளருக்கு வரவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருபவர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. தமிழ் எழுத்துருவைத் தானே கணினியில் ஏற்றி, ஒவ்வொரு தலைப்பையும் ழகரம் பிசகாமல் வாய்விட்டு வாசித்த பிறகே தட்டச்சு செய்வார்.

ஒருநாள் நூலகர் வந்தார். “மிஸ், இங்கிலிஷ் எழுத்துப் போதுமெண்டு சொன்னனான்தானே?”

“போதாது சேர். இந்தப் பிள்ளை காத்தைத் தேடுது. உங்கட கொம்பியூட்டர் கோயிலுக்கு அனுப்புது.”

“ஒரு எழுத்துக்கு இவ்வளவு பிடிவாதமோ?”

உதவியாளர் தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “இதில என்ர பேரைப் பிழையா எழுதிப்போட்டாங்கள். ஒவ்வொரு செக்பொயின்டிலயும் அந்தப் பேருக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வேலைக்கு வாறன். புத்தகங்களையும் அப்பிடிச் சொல்லவைக்க மாட்டன்.”

நூலகர் அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

படிப்பு முடிந்து விடைபெறப் போன அன்று, அட்டையில் பார்த்த பெயரோடு ‘அக்கா’ சேர்த்து அவரைக் கூப்பிட்டேன்.

“ஓம்” என்று நிமிர்ந்தார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான், எந்தப் பெயருக்கு அவர் ‘ஓம்’ சொன்னார் என்று எனக்கு உறைத்தது.