கேட்டைப் பிடித்து வைக்கும் புரதம்

நீடாமங்கலத்தில் குடியிருப்பவர்களிடம் ரயில்வே கேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கேட் மூடிவிட்டால் பஸ், லாரி, நெல் ஏற்றிய டிராக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே வரிசைதான். ரயிலுக்கு எஞ்சின் மாற்றி முடிக்கும்வரை நின்று திட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் செல் சுழற்சி நடத்தும்போது இந்தக் கேட்டைத்தான் நான் வகுப்புக்குள் இழுத்து வருவேன். தாவரவியல் வாத்தியாராக வேறு எதைச் சாதித்தேனோ இல்லையோ, என்னிடம் படித்த யாருக்கும் இந்தப் பாடம் மறக்காது என்ற திமிர் எனக்கு உண்டு.

பாடம் இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேட் இருக்கிறது. ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து மூடியே வைத்திருக்கிறது. அதுதான் கேட் கீப்பர். சைக்ளின் என்று ஒரு புரதம், கைனேஸ் என்று இன்னொரு புரதம். தனித்தனியாக இருந்தால் இரண்டும் தண்டம். சேர்ந்துவிட்டால் அந்த ஜோடி போய்க் கேட் கீப்பரின் பிடியைத் தளர்த்திவிடும். கேட் திறக்கும், செல் பிரியும். வேலை முடிந்ததும் சைக்ளினைச் செல்லே அழித்துவிடும், கேட் மறுபடி மூடிக்கொள்ளும். சிக்னல் இல்லாமல் கேட் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். பிள்ளைகள் ஒரே குரலில் ஆக்சிடெண்ட் என்பார்கள். அதற்குப் பெயர்தான் புற்றுநோய் என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைப்பேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும் டியூஷனிலும் இதே பாடம் வரும். அடுப்படியில் நின்று வருடாவருடம் கேட்டு என் மனைவிக்கு இது மனப்பாடம். தொண்டை கட்டினால் நீயே நடத்திவிடு என்று கிண்டல் செய்வேன். நடத்தலாம், ஆனால் உங்களைப் போல ஒன்றையே நான்கு முறை சொல்ல மாட்டேன் என்பாள்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து அறுவை செய்தோம். தப்பித்தோம் என்று இருந்த சில வருடங்களுக்குப் பிறகு அது முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தது. தஞ்சாவூரில் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். நான் பயாலஜி வாத்தியார் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைனேஸைத் தடுக்கிற மாத்திரை சார், உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியும்தான். தெரிந்து என்ன கிழித்தேன்?

மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் நல்ல செல்களும் அதே ஜோடியை நம்பித்தான் பிரிகின்றன; மாத்திரைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் வெள்ளையணு குறைந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் அது ஏறியிருந்தால்தான் அடுத்த சுற்று. ஏறாத வாரங்களில் எனக்குப் பித்துப் பிடிக்கும். மாதுளையும் பேரீச்சையும் வாங்கிக் குவிப்பேன், ரிப்போர்ட் தாமதமானால் லேபில் இருக்கும் பெண்ணிடம் எரிந்து விழுவேன். என் மனைவியின் அக்கா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். நான் அதற்கும் லாயக்கில்லாதவன்.

ஒரு வருடத்துக்கும் மேல் மாத்திரை நோயைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு முதுகில் வலி திரும்ப ஆரம்பித்தது. ஸ்கேனில் புதிதாகப் புள்ளிகள் தெரிந்தன. இந்த மாத்திரை இனி கேட்காது, வேறு மாற்றலாம் என்றார் டாக்டர். ஏன் என்று அவள் கேட்டதற்கு, சிலருக்கு அப்படித்தாம்மா என்றார்.

அடுத்த சனிக்கிழமை டியூஷனில் செல் சுழற்சி நடத்த வேண்டிய முறை. அதைத் தள்ளிவிட்டு வேறு பாடத்தைத் திறக்கச் சொன்னேன். உள்ளறைக் கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது.

"அதை ஏன் தள்ளுறீங்க? பரீட்சைக்கு வர்ற பாடம். நடத்துங்க."

நடத்தினேன். அந்த ஜோடியைத் தடுப்பதற்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது என்று வருடாவருடம் கூடுதலாக ஒரு வரி சொல்வது வழக்கம். அன்றும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, கேட் கீப்பரே இல்லாமல் போனால் அந்த மாத்திரை எதற்கு சார் என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. வேறொரு நாளாக இருந்தால் அவளைத் தூக்கிக் கொண்டாடியிருப்பேன். சிலபஸில் இல்லை என்று சொல்லி உட்கார வைத்தேன்.

பிள்ளைகள் போனபிறகு கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் என்ன என்றாள். அது பரீட்சைக்கு வராது என்றேன்.

"நானென்ன பரீட்சையா எழுதப் போறேன்? எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். புற்று செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும்போது சிலவற்றில் அந்தக் கேட் கீப்பர் புரதமே தொலைந்துவிடும். காக்க ஆள் இல்லாத கேட்டில் அந்த ஜோடியைத் தடுத்து என்ன பயன்? மாத்திரை சும்மா வந்து போகும். வேறு காரணங்களும் உண்டு, உனக்கு எது என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். வகுப்பில் இவ்வளவு மோசமாக நான் எதையும் விளக்கியதில்லை. அவள் கஞ்சியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூம்புகாருக்குப் போனோமில்ல, தங்கச்சி வீட்டுக்கு. அப்ப மாத்திரையை இங்கயே வச்சிட்டுப் போயிட்டேன். ரெண்டு நாள் போடல. திட்டுவீங்கன்னு சொல்லல. அதனாலதான் வந்துடுச்சோன்னு..."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் இதைத்தான் மனதில் போட்டு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அதனால இல்ல," என்றேன், புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவனைப் போல. "ரெண்டு நாள்ல எல்லாம் அப்படி ஆகாது."

"நிஜமாவா?"

"நிஜமா."

கஞ்சியை வாங்கி முழுவதும் குடித்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், சற்று நேரத்தில் தூங்கியும் போனாள். நான் சொன்னது நிஜம்தானா என்று எனக்குத் தெரியாது.