மாதையன் வீட்டு விறகு

போன ஞாயிற்றுக்கிழமை ஏரியூர் போயிருந்தேன். நண்பர் மாதையனின் மகனுக்குப் பெண் கொடுக்க, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்களாம். நீயும் கூட இரு என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வாசலில் பார்த்தால், ஆள் உயரத்துக்கு விறகு. எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் இரண்டு வருஷமாகச் சாண எரிவாயுவில்தானே சமையல்? பின்பக்கம் தொட்டி, அதன்மேல் இரும்பு டிரம், அடுப்படி வரை பைப்... பிறகு விறகு எதற்கு? மானியத்துக்காகக் கட்டிவிட்டு, எரியாமல் கிடக்கிற தொட்டிகளை நிறையப் பார்த்தவன் நான்.

மாதையன் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"போன மாசம் ஒரு எடத்துலருந்து வந்தாங்கப்பா. கெணறு பாத்தாங்க, மாடு பாத்தாங்க. வெறகு எங்கன்னாங்க. கேஸுன்னு சொன்னா நம்பல. அடுப்பெரியாத வூட்டுல எப்படிப் பொண்ணு குடுக்கறதுன்னு போயிட்டாங்க. அதான் பக்கத்துத் தோட்டத்துல கேட்டு வாங்கி அடுக்கிட்டேன்."

உண்மையை நம்பவைக்க ஒரு பொய்யை அடுக்க வேண்டியிருக்கிறது. என்ன ஊரோ!

வந்தவர்களில் பெண்ணின் அம்மா கோவிந்தம்மாள் எதையும் சும்மா பார்க்கிற ரகமில்லை. விறகைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடியும் விறகைப் பார்த்தார்.

"கேஸு இருக்குதுன்னு தரகர் சொன்னாரே... அப்புறம் இத்தினி வெறகு எதுக்குங்க?"

மாதையன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதல் இடம் விறகு இல்லையென்று போனது, இது விறகு இருக்கிறதென்று போகப்போகிறது. பையனுக்கு முப்பது ஆகிவிட்டது.

கோவிந்தம்மாள் நேராக அடுப்படிக்குள் போனார். கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் குண்டானின் அடியை விரலால் தேய்த்தார். கரி இல்லை.

"புதுசுங்களா?"

"இல்லீங்கக்கா, பழசு. எப்படி நசுங்கிக் கெடக்குது பாருங்க" என்றார் மாதையனின் மனைவி.

ஊஹூம், கோவிந்தம்மாள் நம்பவில்லை. தானே தீக்குச்சி கிழித்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. இப்போது அணையும் என்று காத்திருந்தார். நானும்தான் காத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் காபி வந்த பிறகும் அது அணையவில்லை.

மாதையனுக்குத் தாங்கவில்லை. விறகு வந்த கதையைக் கொட்டிவிட்டார். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை.

"பொண்ணு குடுக்கறோங்க. ஆனா கல்யாணத்துக்கு முன்னால அந்த வெறகு இங்கிருந்து போயிடணும். கெடந்துச்சுன்னா, என்னிக்காச்சும் ஒரு நாளு எம்பொண்ணை ஊதச் சொல்லுவீங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை. விறகடுப்பை ஊதி ஊதி எந்நேரமும் நீர் வடிகிற கண்.

தருமபுரியில் என் வீட்டுக்குத் திரும்பியதும் நேரே அடுப்படிக்குப் போய், விறகுப் புகைக்கு நடுவே நின்ற என் மனைவியின் கண்ணை உற்றுப் பார்த்தேன்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள், சந்தேகமாக.